உங்களுக்கு என்ன வேணும்?

எனக்கு ஊரைக் கூட்டுகிற குரல். பெண் பிள்ளைக்கு இவ்வளவு குரல் ஆகாது என்று சின்ன வயதில் வீட்டில் திட்டு வாங்கினேன், வளர்ந்த பிறகு அதற்கே சம்பளம் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. பர்ஸைத் தொலைத்தவர்கள், பிள்ளையைத் தொலைத்தவர்கள், மாமியாரைத் தொலைத்துவிட்டு அவ்வளவாகக் கவலைப்படாதவர்கள், எல்லாரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அறையின் இடது பக்கம், தலைக்கு நேர் மேலே, பெரிய ஒலிபெருக்கி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். என் குரலையே வருடக்கணக்காகக் கேட்டு என் இடது காது மந்தமாகிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அது இதுதான். அண்ணன் எனக்கு வைத்த பெயர் மைக். வீட்டில் யாரும் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமில்லை.

அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது எனக்கு ஒரு கடுப்பு இருந்தது. பெண் நல்ல பெண்தான். பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட கழுத்து, மடங்காத முழங்கால், தூக்க முடியாத கை எல்லாவற்றையும் சிரித்துப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். குறை அவரிடம் இல்லை, வயதுக் கணக்கில் இருந்தது. அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் அண்ணன் மனைவியாயிற்றே, நான் அவரை அண்ணி என்றும் நீங்க என்றும் கூப்பிட வேண்டும். அவர் என்னை நீ என்பார். எந்த ஊர் நியாயம் இது? எனவே ஒரு வருடத்துக்கு மேல் நான் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "யாரோ கதவு தட்டறாங்க", "சாப்பாடு ஆறுது" என்றே காலத்தை ஓட்டினேன்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அதைக் கொடுக்க அவர் பேருந்து நிலையத்துக்கு வந்தார். விடுமுறைக் கூட்டம். மூட்டைகளுக்கும் முழங்கைகளுக்கும் நடுவில் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் அறை எங்கே என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அப்போதுதான் ஒரு வண்டிக்கு அறிவிப்புச் சொல்லி முடித்திருந்தேன். சிவப்புப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துபோய், "அண்ணீ! இங்க, இந்தப் பக்கம்! கண்ணாடி ரூம்!" என்று கத்திவிட்டேன். நிலையத்தில் எத்தனை அண்ணிகள் இருந்தார்களோ அத்தனை பேரும் திரும்பினார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தார். அண்ணி மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒருவழியா கூப்பிட்டுட்ட. அதுவும் ஊரறிய" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க அண்ணி, அண்ணி, அண்ணிதான். "ஒரு நிமிஷம் வாயை மூடு, உன் அண்ணி எங்கயும் ஓடிப்போகல" என்பான் அண்ணன்.

ஓடிப்போனது அவன்தான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பெட்டியில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். தன் நெஞ்சில் கேட்ட சத்தத்தை மட்டும் அவன் கவனிக்கவில்லை. அவன் போன பிறகு அண்ணியை அவருடைய அக்கா தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னார். "மைக்கைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்று அண்ணி மறுத்துவிட்டார். அப்போதே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் எனக்குக் கூடி வரவில்லை, நானும் அதைத் தேடி அலையவில்லை. அந்த வயதில் என்னைக் கைக்குழந்தை மாதிரி ஒருத்தர் பேசினால் கோபம் வர வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான் வீடு.

அந்த வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வை பிழிந்துகொண்டிருந்தோம். பெரிய போர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும்.

"மைக்கு, அந்தத் தோள்பட்டைக்காரர் இருக்காரே" என்று அண்ணி ஆரம்பித்தார்.

"ஆமா, கையைத் தூக்க முடியாம வந்தவரு. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கறவரு."

"இப்ப நல்லாத் தூக்கறாரு."

"சந்தோஷம்."

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு."

நான் முறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன்."

"யோசிக்க என்ன இருக்கு? நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. பண்ணிக்கோங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அண்ணன் போனதிலிருந்து அவர் சிரிப்பில் ஒரு பிடிப்பு இருந்தது. சமீபத்தில் அது விட்டிருந்தது. காரணம் யாராக இருந்தால் என்ன, அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடத் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் அன்றைக்குப் போர்வையில் ஒரு சொட்டு ஈரம் மிஞ்சவில்லை.

பிறகுதான் உறவுக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அண்ணன் மனைவி அண்ணி. அண்ணன் இல்லை. மனைவியும் இன்னொருவர் மனைவியாகப் போகிறார். அப்புறம் அவர் எனக்கு யார்? மனைவியின் தங்கை புருஷனுக்குக்கூட நம் மொழியில் சகலை என்று ஒரு சொல் இருக்கிறது. புருஷனுடைய தம்பி மனைவிக்கு ஓரகத்தி. ஊரில் இருக்கிற அத்தனை சொந்தத்துக்கும் பெயர் வைத்த பெரியவர்கள் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். சரி, பேசாமல் அண்ணி என்றே கூப்பிடலாம் என்றால், அப்போது அவர் புருஷன் எனக்கு அண்ணன் ஆகிவிடுவார். எனக்கு அண்ணன் ஒருவன்தான். அவன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க என்னால் முடியாது.

ஆகவே பழையபடி வாயை மூடிக்கொண்டேன். "இங்க பாருங்க", "தண்ணி வந்துடுச்சு", "போன் அடிக்குது." முதல் தடவை அது திமிர். இந்தத் தடவை பயம். அந்தச் சொல்லுக்கு இனி எனக்கு உரிமை இல்லை என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே விட்டுவிடுவது நல்லது என்று நினைத்தேன். அண்ணி கவனிக்காமல் இல்லை. ஒருவர் நடந்து வருவதை வைத்தே எந்த எலும்பில் வலி என்று சொல்கிறவர் அவர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏரிக்குப் போகலாம் என்றது தோள்பட்டைதான். (இந்தப் பெயர் நான் வைத்தது. மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், ஒருநாள் வாயில் வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.) லைசென்ஸ் வாங்கின மாணவர்களை வளைவில் ஓட்டிப் பழக்க அந்த மலைக்குத்தான் கூட்டிப் போவாராம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காட்டுக்கு நடுவில் ஏரி.

"யாரும் வெட்டின ஏரி இல்ல மேடம், தானா உண்டானது. அங்க சத்தமே இருக்காது" என்றார் என்னிடம்.

"சத்தமே இருக்கக் கூடாதுன்னா என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?" என்றேன்.

"நீ வரலைன்னா நானும் வரல" என்றார் அண்ணி. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

தலையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை மாட்டிய அவருடைய காரில்தான் போனோம். மலைப் பாதையில் எனக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் முன் சீட்டை எனக்கு விட்டுவிட்டு அண்ணி பின்னால் உட்கார்ந்துகொண்டார். பயிற்சிக் காரில் முன் சீட்டு என்பது வாத்தியார் சீட்டு. அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதைத் தொட வேண்டாம் என்று கிளம்பும்போதே சொன்னார். நானும் பத்து வளைவு வரை சமர்த்தாகத்தான் இருந்தேன். அடுத்த வளைவில் எதிரே ஒரு மர லாரி வந்தது. என் காலுக்கு என் பேச்சைக் கேட்கிற பழக்கம் இல்லை. ஓங்கி மிதித்துவிட்டேன். கார் குலுங்கி நின்றது, பின்னால் அண்ணியின் நெற்றி என் சீட்டில் இடித்தது, லாரிக்காரர் எங்கள் மூன்று பேரையும் பலகையையும் பார்த்துவிட்டு, "பழகறீங்களா? பழகுங்க, பழகுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

தோள்பட்டை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நல்ல இடத்துலதான் பிடிச்சீங்க. நானும் அங்கதான் பிடிச்சிருப்பேன்" என்றார். வண்டியை மறுபடி கிளப்பும்போது அவர் வலது தோள் லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். மனிதர் நல்லவர்தான். நல்லவராக இருப்பதுதான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஏரியை முதலில் பார்த்தபோது எனக்கு அது ஏரி என்றே தெரியவில்லை. மரங்கள் கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தன, ஓரிடத்தில் தலைகீழாக மறுபடி இறங்க ஆரம்பித்தன. அங்கேதான் தண்ணீர் தொடங்குகிறது என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சுற்றிலும் மலை. மேலே ஒரு பருந்து. கரையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் பச்சைப் பாசி போர்வை போலப் படர்ந்திருந்தது. ஹாரன் இல்லை, எஞ்சின் இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என் காதுக்குள்ளேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. 'சத்தம் போடாதீர்கள். பறவைகள் அடைகாக்கும் இடம்' என்று பலகை வேறு வைத்திருந்தார்கள்.

கரையிலேயே மரத்தில் கட்டிய ஒரு சின்ன விடுதி. அதை நடத்துகிற அம்மாள் பலகைக்குப் பயந்தோ என்னவோ, எல்லாவற்றையும் கிசுகிசுவென்றுதான் பேசினார். கையில் ஒரு கெட்டில். மேசைக்குப் பக்கத்தில், என் இடது பக்கமாக நின்றுகொண்டு அண்ணியைப் பார்த்து ஏதோ சொன்னார், பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது, "உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு வயிறு இன்னும் வளைவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கெட்டிலைப் பார்த்தாலே குமட்டியது. "ஒண்ணும் வேணாங்க" என்றேன். அந்த அம்மாள் விழித்ததைப் பார்த்து, கேட்கவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தி, "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வேணாம்!" என்றேன். என் குரலுக்கு மரச் சுவர் அதிர்ந்தது.

அண்ணி சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அறைக்குப் போனார். டீ வேண்டாம் என்றதற்கு இவ்வளவு முகம் சுருங்குவானேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அண்ணி படகுத்துறைக்கு வந்தார். துடுப்புப் படகு ஒன்று கட்டியிருந்தது. இன்னொன்று தார் பூசுவதற்காகக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. மோட்டார் படகுக்கு அங்கே அனுமதி இல்லை.

"கொஞ்ச நேரம் தனியா துடுப்பு போட்டுட்டு வரேன்" என்றார்.

"நானும் வரவா?" என்று தோள்பட்டை எழுந்தார்.

"வேணாம். உங்க தோளுக்கு ஆகாது." என்னை அழைக்கவில்லை. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

நானும் தோள்பட்டையும் படகுத்துறைப் பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மீன் துள்ளியது. இரண்டு பேரும் அதையே ரொம்ப அக்கறையாகப் பார்த்தோம்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றார் கடைசியில். "என் மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. அவங்களைப் போய் அப்படிச் சொல்லியிருக்க வேணாம்."

"எப்படிச் சொன்னேன்?"

"அந்தம்மா கேட்டாங்க இல்ல, 'இவங்க உங்களுக்கு என்ன வேணும்'னு. அக்காவா தங்கச்சியான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நீங்க பட்டுன்னு ஒண்ணும் வேணாம்னுட்டீங்க. ரெண்டு தடவை."

'இவங்க' என்ற சொல் என் இடது காதில் விழுந்து அங்கேயே தொலைந்து போயிருக்கிறது. ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் கண்டுபிடித்துக் கொடுக்கிற நான், என் காதில் ஒரு சொல்லைத் தொலைத்திருக்கிறேன்.

"ஐயோ, நான் டீ கேக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கவா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "அவங்க என்கிட்ட இன்னும் சரின்னு சொல்லல மேடம்" என்றார். "மைக்கு சம்மதம் குடுத்தாச்சு, ஆனா அவ வாயிலேர்ந்து ஒரு சொல் வரணும், அது வரட்டும்னு சொன்னாங்க. என்ன சொல்லுன்னு கேட்டேன். அது அவளுக்கே தெரியும்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அண்ணி திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

நின்ற பிறகுதான் எதிர்க்கரையைக் காணோம் என்பதைக் கவனித்தேன். மேலே காட்டிலிருந்து மூடுபனி இறங்கி, தண்ணீரின் மேல் ஓசைப்படாமல் வந்துகொண்டிருந்தது. விழுந்து கிடந்த மரம் மறைந்தது. பிறகு படகுத்துறையின் கடைசிக் கம்பமே மங்கலானது. விடுதிக்கார அம்மாள் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். விளக்கு வெளிச்சம் எங்கள் முகத்தைத் தாண்டிப் போகவில்லை.

"இப்படித்தான் திடீர்னு மூடும். அந்தக் கோடியில நாணல் காடு, அதுக்குள்ள போயிட்டா படகு சிக்கிக்கும். ராத்திரிக் குளிர் தாங்காது" என்றார். கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்தார். "அதுல அடியில பலகை விட்டிருக்கு, எடுக்க முடியாது."

தோள்பட்டை வாயில் இரண்டு கையையும் குவித்து அண்ணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மறுபடி, மறுபடி, மூச்சு விடாமல் கத்தினார். மலை ஒவ்வொன்றும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. முதலில் கூப்பிட்டது முடிவதற்குள் அடுத்தது கிளம்ப, ஒன்றோடு ஒன்று மோதி, எல்லாப் பக்கத்திலிருந்தும் அண்ணியை யார் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அவர் தொண்டை கட்டியது. கண் கலங்கி நின்றார்.

"நிறுத்துங்க, இப்படிக் கூப்பிட்டா எந்தப் பக்கம்னு தெரியாது" என்றேன். பேருந்து நிலையத்தின் தகரக் கூரையும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது அடங்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பிறகுதான் அடுத்தது. முதலில் வருவது நம் குரல், பிறகு வருவது கூரையின் குரல் என்று கேட்பவருக்குப் பிரித்துத் தெரியும்.

விடுதிக்கார அம்மாளைப் பார்த்தேன். "சத்தம் போடக் கூடாதுன்னு பலகை வச்சிருக்கீங்களே."

"பறவைங்க மன்னிச்சுக்கும். கூப்பிடுங்கம்மா" என்றார். முதல்முறையாக அவர் சாதாரணக் குரலில் பேசினார்.

மூச்சை நன்றாக இழுத்தேன். வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? இத்தனை வருடப் பழக்கம் எங்கே போகும்? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்தது. தோள்பட்டையும் அந்த அம்மாளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மலைகள் அதையும் மரியாதையாகத் திருப்பிச் சொல்லி முடித்தன. எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

"அண்ணீ!"

மலை சொன்னது, அண்ணீ. அதற்குப் பின்னால் இருந்த மலை சொன்னது, அண்ணீ. எத்தனையோ வாரமாக நான் விழுங்கி வைத்திருந்த எல்லாம் திரும்பி வருவது போல இருந்தது. அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மறுபடி, "அண்ணீ!" காத்திருந்தேன். "அண்ணீ!" என் காலை அந்தப் பலகையிலிருந்து ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. பேருந்து நிலையத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மாரிடம் நான் சொல்வதும் அதுதான். அங்கயும் இங்கயும் ஓடாதீங்க, ஒரே இடத்துல நில்லுங்க, பிள்ளை வந்துடும்.

எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று தெரியாது. தொண்டையில் இரும்புச் சுவை வந்தது. என் குரல் என்னைக் கைவிட்டுவிடுமோ என்று நான் பயந்தது வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான். பிறகு வெள்ளைக்குள்ளிருந்து துடுப்பு ஒன்று தண்ணீரில் விழுந்தது. ரொம்ப மெல்லிய குரலில் யாரோ சொன்னார்கள்.

"கேக்குது மைக்கு. போதும், தொண்டை கிழிஞ்சிடும்."

"முடியாது. நீங்க கரைக்கு வர்ற வரைக்கும் கூப்பிடுவேன். அண்ணீ!"

படகின் மூக்குத் தெரிந்தது. அப்புறம் துடுப்பைப் பிடித்தபடி நடுங்குகிற அண்ணி. தோள்பட்டை இடுப்புவரை தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்தார், ஆகாத தோளாலேயே இழுத்தார். நான் பலகையில் குப்புறப் படுத்து அண்ணியின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மேலே வந்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் கட்டிப் பிடிக்கிற குடும்பமே இல்லை, எந்தப் பக்கம் தலையை வைப்பது என்று தெரியாமல் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டோம்.

"நான் டீயைத்தான் வேணாம்னேன். அவங்க உங்களைக் கேட்டாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அழுதேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. பல் கிட்டிக்கொண்டே பேசினார். "ஏரி நடுவுல போனப்புறம்தான் உறைச்சுது, அவங்க உன் இடது பக்கம் நின்னாங்களேன்னு. உடனே படகைத் திருப்பினேன். பாத்தா கரையைக் காணோம். எங்க பாத்தாலும் வெள்ளை. யாரோ எல்லாப் பக்கத்துலேர்ந்தும் கூப்பிடறாங்க. அப்பதான் பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு ஒரு குரல் கேட்டுச்சு. எனக்கு அந்தப் பயத்துலயும் சிரிப்பு தாங்கல. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு, நேரா வந்துட்டேன்."

விடுதிக்கார அம்மாள் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். எங்களை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தார். அண்ணி என் கையை விடவில்லை.

"சரி, இன்னிக்கு காதுக் கோளாறு" என்றார். "இத்தனை வாரமா கூப்பிடாம இருந்தியே, அது என்ன கோளாறு?"

தோள்பட்டை கொஞ்சம் தள்ளி, சொட்டச் சொட்ட நனைந்து நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை.

"அண்ணன் இருந்தாத்தானே அண்ணி? உங்களை அப்படியே கூப்பிட்டா இவர் எனக்கு அண்ணன் ஆயிடுவாரு. என்னால அது முடியாது. கூப்பிடாம விட்டா நீங்க எனக்கு யாருமே இல்லாமப் போயிடுவீங்க. அதுவும் முடியல. எனக்கு வேற யாரு இருக்கா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் நம்மளை அறிமுகப்படுத்தி வச்சாரு, அவ்வளவுதான்" என்றார். "அறிமுகப்படுத்தினவர் எழுந்து போயிட்டா, பேசிட்டிருக்கற ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திடணுமா?"

நழுவிய கம்பளியை இழுத்து அவர் தோளில் போட்டேன்.

"என்னை அண்ணன்னு கூப்பிட வேணாம் மேடம்" என்றார் தோள்பட்டை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப கூப்பிடறதே எனக்குப் போதும்."

"அப்ப நீங்க கடைசிவரைக்கும் தோள்பட்டைதான். நீங்களும் இந்த மேடத்தை விட்டுடுங்க. மைக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

அந்த நேரத்தில் விடுதிக்கார அம்மாள் கெட்டிலோடு வந்தார். பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது, சுற்றிக்கொண்டு என் வலது பக்கமாக வந்து நின்றார். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அண்ணி வேணும்" என்றேன்.

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார், கம்பளிக்குள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. "எனக்கு நாத்தனார் வேணும்" என்றார் கம்பளிக்குள்ளிருந்தே.

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் தோள்பட்டையிடம் திரும்பினார். "சாருக்கு?"

அவர் அண்ணியைத்தான் பார்த்தார்.

"அவருக்கு வேண்டியது உங்ககிட்டதான் இருக்கு, அண்ணி. பாவம், நனைஞ்சு நிக்கறாரு. குடுத்துடுங்க" என்றேன்.

அண்ணி நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்து, "சரி" என்றார்.

விடுதிக்கார அம்மாள் கெட்டிலைப் பிடித்தபடியே எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப டீ யாருக்குமே வேணாமா?"